கிண்டிலா, பதிப்பகமா, பேக்கேஜா: முதல் நாவலுக்கான வழிகள் பற்றி ஒரு மதிப்பீடு

தமிழில் முதல் நாவலை முடித்து வேர்டு கோப்பாக வைத்திருப்பவருக்கு இன்று நான்கு வழிகள் உண்டு: அமேசானின் கிண்டில் மின்னூல் வெளியீட்டுச் சேவையான கேடிபி, வழக்கமான பதிப்பகம், பணம் கட்டிப் போடும் பேக்கேஜ், தொடர்கதைத் தளம் அல்லது செயலி. நான்கில் எது நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அப்படிக் கேட்பதிலேயே கொஞ்சம் கோளாறு இருக்கிறது. அச்சுரிமை வேறு, மின்னூல் உரிமை வேறு, ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகள் வேறு வேறு. எல்லாவற்றையும் ஒரே காகிதத்தில் ஒருவருக்கே எழுதிக்கொடுத்தவர்கள்தான் பின்னால் அதிகம் வருந்துகிறார்கள். எந்த உரிமைக்கு எந்தச் சேவை சரி என்று பார்த்தால் குழப்பம் பெருமளவு தீரும்.

கேடிபியிலிருந்து தொடங்கலாம். கட்டணம் இல்லை, யார் அனுமதியும் வேண்டாம். கணக்கு தொடங்க பான் எண், வங்கிக் கணக்கு, அமெரிக்க வரிக்கான இணையப் படிவம் ஆகிய மூன்றும் தேவை. அந்த வரிப் படிவத்தைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. வரி அடையாள எண் கேட்கும் இடத்தில் பான் எண்ணைக் கொடுத்து, இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைத் தேர்ந்தெடுத்தால் அமெரிக்காவில் ஈட்டும் ராயல்டிக்கு 30 சதவீதத்துக்குப் பதில் 15 சதவீதம் பிடிப்பார்கள். ஒருவருக்கு ஒரு கணக்குதான். புனைபெயருக்கென்று இன்னொரு கணக்கு திறந்தால் இரண்டும் மூடப்படக்கூடும். ஒரே கணக்கிலிருந்து எத்தனை புனைபெயரில் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்பதால் அந்த வம்புக்கு அவசியமும் இல்லை.

கோப்பு தயாரிப்பதில்தான் தமிழுக்கென்று தனிச் சிக்கல்கள். யூனிகோடில் நேரடியாகத் தட்டச்சு செய்த நாவல் என்றால் பாதிக் கவலை விட்டது. டிடிபி ஆள் பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்தது என்றால் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் மாற்ற வேண்டும். மாற்றியபின் வரிவரியாகப் படிக்காமல் ஏற்றக் கூடாது. வழக்கமாக உடைபவை இவை: மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாக மாறிவிடும், ஸ்ரீ, க்ஷ போன்றவை சிதறும், 'ஔ' என்ற ஓரெழுத்து, 'ஒ' பக்கத்தில் 'ள' என்று இரண்டெழுத்தாக நிற்கும், துணைக்காலும் 'ர'வும் இடம் மாறும். கண்ணுக்கே தெரியாத பிழை ஒன்றும் உண்டு. 'எ' இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு, 'க' இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஒன்று விழுந்திருக்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் தேடினால் அந்தச் சொல் கிடைக்காது. அந்த எண்களைத் தனியே தேடி மாற்றிவிட வேண்டும். எழுத்துப் பிழைகளுக்கு வாணி, ஒற்றுப் பிழைகளுக்கு நாவி என்ற இணையக் கருவிகள் உதவும். அவை சுட்டுவதை எல்லாம் அப்படியே ஏற்றுக்கொண்டால் வட்டார வழக்கில் எழுதிய உரையாடல் செத்துவிடும். கதை சொல்லும் பகுதிக்கு மட்டும் பயன்படுத்துவது நல்லது.

வேர்டில் அத்தியாயத் தலைப்புகளுக்குத் தலைப்புப் பாணியைக் கொடுத்தால் பொருளடக்கம் தானே உருவாகும். அடுத்த பக்கத்துக்குப் போக என்டரை அடுக்காமல் பக்க முறிவு போட வேண்டும். பத்தித் தொடக்க இடைவெளியும் பத்திப் பாணியில் அமைத்ததாக இருக்க வேண்டும். ஸ்பேஸ் பட்டையால் தள்ளியது கைப்பேசியில் கோணலாகத் தெரியும். தமிழ்க் கிண்டில் வாசகர்களில் பெரும்பாலானோர் படிப்பது கைப்பேசிச் செயலியில். ஏற்றுவதற்கு முன் முன்னோட்டத்தைக் கைப்பேசி அளவில் வைத்து, அச்சுப் புத்தகத்துக்கு மெய்ப்பு பார்ப்பதுபோல் முழுக்கப் புரட்டிவிடுவது நல்லது. அட்டைக்கு 2560 பிக்சல் உயரம், 1600 அகலம். தேடல் பட்டியலில் அட்டை கட்டைவிரல் நகமளவுதான் தெரியும் என்பதால், ஓவியர் ஆசையாக எழுதிய நுணுக்கமான தலைப்பு எழுத்து அங்கே புள்ளியாகிவிடும். அட்டையையோ உரையையோ செயற்கை நுண்ணறிவால் உருவாக்கியிருந்தால் அதைத் தெரிவிக்கச் சொல்லும் கேள்வி 2023 செப்டம்பரிலிருந்து படிவத்தில் இருக்கிறது. மறைக்காமல் பதில் சொல்லிவிடலாம்.

தேடுசொற்களுக்கு ஏழு கட்டங்கள். அத்தனையையும் தமிழ் எழுத்தில் நிரப்புவது வீண். நம் வாசகர்கள் பாதிப் பேர் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள். தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் இரண்டு மூன்று விதமாக ஆங்கில எழுத்துக்கூட்டலில் கொடுக்க வேண்டும். ஆசிரியர் பெயரில் முன்னெழுத்தை ஒரு நூலில் புள்ளியோடும் இன்னொன்றில் புள்ளி இல்லாமலும் எழுதினால் இரண்டு வேறு ஆசிரியர்களைப் போலப் பிரிந்து நிற்கும்.

விலையில்தான் பலர் காசை விடுகிறார்கள். ராயல்டி 35 சதவீதம், 70 சதவீதம் என இரண்டு வகை. இந்தியாவில் விற்பதற்கு 70 வேண்டுமானால் நூல், மின்வடிவத்தை அமேசானுக்கு மட்டுமே தரும் கேடிபி செலக்ட் திட்டத்தில் இருக்க வேண்டும், விலையும் அமேசான் வைத்திருக்கும் வரம்புக்குள் இருக்க வேண்டும். 150 ரூபாய் நூலுக்கு 35 என்றால் 52.50, 70 என்றால் 105, வரியும் கோப்பு அனுப்பும் கட்டணமும் கழிப்பதற்கு முன். அந்த அனுப்பும் கட்டணம் மெகாபைட் கணக்கில் என்பதால், உள்ளே படங்கள் இருந்தால் சுருக்கிப் போட வேண்டும். இந்திய விலையை அடித்துவிட்டு மற்ற நாட்டு விலைகளை அமேசானே மாற்றிக்கொள்ளட்டும் என்று விடுவது பெரிய தவறு. அமெரிக்கத் தளத்தில் 70 சதவீதம் கிடைக்க விலை 2.99 டாலருக்கும் 9.99 டாலருக்கும் இடையில் இருக்க வேண்டும். 150 ரூபாயை நேராக மாற்றினால் அந்த எல்லையைத் தொடாது. அமெரிக்க விலையைத் தனியே 2.99 என்று போடுங்கள். அமெரிக்காவில் இருக்கும் தமிழ் வாசகருக்கு, தபால் செலவே புத்தக விலையைத் தாண்டும் அச்சு நூலோடு ஒப்பிட்டால் அது மலிவு.

செலக்ட் என்பது 90 நாள் ஒப்பந்தம், தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். அந்த 90 நாளில் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. வலைப்பூவில் தொடராகப் போட்டது, முகநூலில் அத்தியாயம் அத்தியாயமாகப் பகிர்ந்தது, நண்பருக்காக ஏற்றி வைத்த பிடிஎஃப் எல்லாம் கணக்கில் வரும். மாதிரியாக 10 சதவீதம் வரை வெளியே வைத்துக்கொள்ளலாம். அச்சு நூலுக்கு இந்தத் தடை இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை: செலக்டில் மின்னூல் இருக்கும்போதே அச்சுரிமையைப் பதிப்பகத்துக்குக் கொடுக்கலாம். செலக்டில் சேர்ந்தால் கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர்கள் படிக்கும் பக்கங்களுக்கும் பணம் வரும். பக்கத்துக்குப் பைசா கணக்குதான், அதுவும் மாதாமாதம் மாறும். விறுவிறுப்பான 400 பக்கக் குடும்ப நாவலுக்கு இது நல்ல வருமானம். 120 பக்க இலக்கிய நாவலுக்கு இதை நம்ப வேண்டாம். ஐந்து நாள் இலவசமாகக் கொடுக்கும் வசதியும் உண்டு. முதல் நாவலுக்கு அதை வெளியான அன்றே பயன்படுத்தாமல், நான்கைந்து மதிப்புரைகள் வந்தபின் பயன்படுத்தலாம்.

பணம், விற்பனை நடந்த மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்து வரும். பிழை கண்டால் திருத்திய கோப்பை ஏற்றலாம், 72 மணி நேரத்துக்குள் பரிசீலித்துவிடுவார்கள். ஆனால் ஏற்கெனவே வாங்கியவரின் கருவியில் பழைய பிரதியே கிடக்கும் வாய்ப்பு அதிகம். "அப்புறம் திருத்திக்கலாம்" என்று ஏற்றும் பழக்கத்தால் தமிழ்க் கிண்டில் நூல்களின் பெயர் கொஞ்சம் கெட்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

கேடிபியின் பெரிய ஓட்டை அச்சு. தமிழுக்கு மின்னூல் மட்டுமே. அச்சு நூல் இல்லாவிட்டால் பொது நூலகத் துறையின் கொள்முதல் இல்லை, தமிழ் வளர்ச்சித் துறைப் பரிசுக்கு அனுப்பப் பிரதி இல்லை, ஜனவரியில் நந்தனத்தில் நடக்கும் புத்தகக் காட்சியில் அடுக்க எதுவும் இல்லை, கறாரான விமர்சகர் மேசைக்கும் நூல் போகாது. தமிழ் இலக்கியச் சூழல் இன்னும் அச்சைப் பார்த்துத்தான் பேசுகிறது. சரியா தவறா என்பது வேறு விஷயம்.

பதிப்பகம்

தமிழில் இலக்கிய முகவர் என்ற தொழில் பெரிதாக வளரவில்லை. எழுதுபவர் பதிப்பாளருக்கு நேரடியாக அனுப்ப வேண்டியதுதான். இங்கே முதல் வடிகட்டி பதிப்பகத்தின் பட்டியல். காலச்சுவடு, தமிழினி, உயிர்மை, எதிர் வெளியீடு, கிழக்கு, டிஸ்கவரி, யாவரும், ஜீரோ டிகிரி, விஷ்ணுபுரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ரசனையும் ஒரு வாசகர் வட்டமும் உண்டு. கடைசி இரண்டு ஆண்டுகளில் அந்தப் பதிப்பகம் வெளியிட்ட புதியவர்களின் நாவல்கள் எவை என்று பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும். துப்பறியும் நாவலைக் கவிதைக்குப் பேர்போன இடத்துக்கு அனுப்பினால் பதிலே வராது. அதில் அவர்கள் குற்றமும் இல்லை.

காலமும் முக்கியம். எல்லாப் பதிப்பகங்களும் சென்னைப் புத்தகக் காட்சியை வைத்துத்தான் ஓடுகின்றன. புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி 1977இல் தொடங்கியது அது. இப்போது பெரும்பாலும் ஜனவரியில் நடக்கிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பதிப்பாளர் மெய்ப்புக்கும் அச்சகத்துக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருப்பார், அப்போது அனுப்பும் கைப்பிரதி மின்னஞ்சலின் அடியில் போய்விடும். பிப்ரவரி கடைசி முதல் ஜூன் வரை அனுப்பினால் படிக்கப்படும் வாய்ப்பு கூடும். முழு நாவல் யூனிகோட் வேர்டு கோப்பில், ஒரு பக்கச் சுருக்கம், சொல் எண்ணிக்கை, முன்பு சிறுகதைகள் வந்த இதழ்களின் பெயர். இவ்வளவு போதும். பிரபலமானவரிடம் முன்னுரை வாங்கி இணைப்பது கட்டாயமில்லை. படிக்கிறவர் கண் எப்படியும் முதல் அத்தியாயத்துக்குத்தான் போகும்.

டெம்மி எட்டில் ஒரு அளவில், அதாவது ஐந்தரைக்கு எட்டரை அங்குலத்தில், ஒரு பக்கத்துக்குச் சுமார் 220 தமிழ்ச் சொற்கள் பிடிக்கும். 60,000 சொல் நாவல் ஏறக்குறைய 273 பக்கம். முன்பக்கங்களையும் சேர்த்து 16 பக்க பாரமாக (ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் தொகுதி) கணக்கிட்டால் 18 பாரம், 288 பக்கம். பதிப்பாளர் மனக்கணக்கு இப்படித்தான் போகும், விலையும் இதிலிருந்துதான் பிறக்கும். 15,000 சொல்லைக் குறைக்கச் சொன்னால் இலக்கியக் காரணத்தோடு நான்கைந்து பாரம் மிச்சமாகும் காரணமும் இருக்கலாம்.

ராயல்டி பரவலாகப் பத்து சதவீதம். விலை 350 என்றால் பிரதிக்கு 35 ரூபாய், 300 பிரதி விற்றால் 10,500. இது அட்டையில் போட்ட விலையில் பத்தா, கழிவு போக மிஞ்சும் தொகையில் பத்தா என்பதைக் கட்டாயம் எழுத்தில் வாங்க வேண்டும். கடைக்காரர் கழிவு 40 சதவீதம் போனால் 350 ரூபாய் 210 ஆகிவிடும். அதில் பத்து என்றால் 21 ரூபாய்.

ஒப்பந்தமே இல்லாமல், வாய்ப்பேச்சிலும் நட்பிலும் நூல் வெளியாவது இங்கே சாதாரணம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு எழுத்தாளருக்குச் சாதகமானது, தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. எழுத்தில் கையெழுத்திடாத உரிமை மாற்றம் செல்லாது. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை, அந்த உரிமை காலாவதியாகும். கையெழுத்திடும் முன் தேடவேண்டிய வரி ஒன்று உண்டு: 'அச்சு, மின், ஒலி மற்றும் அனைத்து வடிவங்களிலும்'. மின், ஒலி என்ற இரண்டையும் அடித்துவிடக் கேளுங்கள். பதிப்பகம் மின்னூலைத் தானே நன்றாக விற்கும் என்றால் கொடுக்கலாம், ஆனால் ராயல்டி பத்து போதாது. அச்சுச் செலவு இல்லாத வடிவத்துக்கு வரும் தொகையில் பாதியாவது கேட்பது நியாயம்.

தேவைக்கேற்ப அச்சிடும் பிஓடி வந்தபின் ஒரு புதுச் சிக்கல். முன்பு ஆயிரம் பிரதி தீர்ந்து மறுபதிப்பு வராவிட்டால் உரிமையைத் திரும்பக் கேட்க முடிந்தது. இப்போது ஐம்பது ஐம்பதாக அடிக்க முடிவதால் நூல் என்றைக்கும் 'அச்சில் இருக்கிறது'. ஆண்டுக்கு இத்தனை பிரதிக்குக் கீழே விற்றால் உரிமை ஆசிரியருக்குத் திரும்பும் என்று ஓர் எண்ணைப் போட்டு எழுதச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கொரு முறை கணக்கு, எத்தனை இலவசப் பிரதி, ஆசிரியர் வாங்கும்போது என்ன கழிவு என்பனவும் அதே காகிதத்தில் இருக்கட்டும்.

பணம் கட்டிப் போடுவது

இதைப் பதிப்பகம் என்று சொல்லிக்கொள்ளும் இடங்கள் பெருகிவிட்டன. ஆசிரியர் பணம் கொடுத்தால் அது அச்சுச் சேவை. அதில் கேவலம் ஒன்றுமில்லை, அச்சுச் சேவை என்று தெரிந்து வாங்கினால் சரி. கெட்டுப்போவது பேக்கேஜின் உள்ளடக்கத்தில்தான். நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்குத் தனிக் கட்டணம் போடுவார்கள். இந்தியாவில் அதை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையம் வழியே இலவசமாகத் தருகிறது, எழுத்தாளரே தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். 'உலக விநியோகம்' என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் அது வெளிநாட்டு இணையக் கடையில் ஒரு பட்டியல் பதிவு மட்டுமே. 'எடிட்டிங்' என்பார்கள், யார் செய்கிறார், மாதிரியாக ஓர் அத்தியாயம் திருத்தித் தருவீர்களா என்று கேட்டாலே உண்மை தெரிந்துவிடும்.

கணக்கு இப்படி. பிரதிக்கு அச்சுச் செலவு 110 ரூபாய், 300 பிரதி என்று வைத்துக்கொண்டால் 33,000. மெய்ப்பு, வடிவமைப்பு, அட்டைக்கு 25,000. மொத்தம் 58,000. கடை வழியாக விற்றால் கைக்கு வருவது பிரதிக்கு 210. முதலைத் திருப்பி எடுக்கவே 277 பிரதி விற்றாக வேண்டும், முந்நூறில்! நேரடியாக முழு விலைக்கு விற்றால் 166 பிரதியில் தேறும், தூதஞ்சல் செலவு தனி. நேரில் வாங்கக்கூடிய 150 பேரின் பெயரைக் காகிதத்தில் எழுத முடியாதவர் 300 பிரதி அடிக்கக் கூடாது. அவருக்கு போத்தி.காம், நோஷன் பிரஸின் இலவசக் கருவி போன்ற பிஓடி சேவைகள் ஏற்றவை. கோப்பைத் தானே ஏற்றிவிட்டு, ஒரு பிரதி கேட்டால் ஒரு பிரதி அடித்துக்கொள்ளலாம். ஒரு பிரதிக்கான அச்சுச் செலவு கூடுதல்தான், ஆனால் கட்டிலடியில் மூட்டை இருக்காது.

வடிவமைப்பாளரிடம் ஒரு கேள்வி கேட்க மறக்க வேண்டாம்: யூனிகோடிலா செய்வீர்கள்? பேஜ்மேக்கரில் பழைய எழுத்துருவில் செய்தால் அச்சுப் புத்தகம் அழகாக வரும், ஆனால் மின்னூலுக்கு அதே மாற்றல் தலைவலி திரும்பும். மெய்ப்பில் செய்த திருத்தங்கள் அந்தக் கோப்பில் மட்டும் இருக்கும், உங்கள் வேர்டு கோப்பில் இருக்காது. இன்டிசைனில் யூனிகோட் என்றால் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். வேலை முடிந்ததும் பிடிஎஃப்போடு மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள்.

தொடர்கதைத் தளங்கள்

இதை இலக்கியக்காரர்கள் கண்டுகொள்வதில்லை. ஆனால் வாசகர் எப்படி உருவாகிறார் என்பதை இங்கேதான் கற்க வேண்டும். பிரதிலிபியிலும் குடும்ப நாவல் எழுத்தாளர்களின் தனித் தளங்களிலும் வாரம் இரண்டு மூன்று யூடி, அதாவது கதையின் அடுத்த பகுதி, வரும். ஒரு யூடி தாமதமானால் கருத்துப் பெட்டியில் சண்டையே நடக்கும். கதை முடிந்ததும் சில நாள் வைத்திருந்து சுட்டியை எடுத்துவிட்டு, அதே நாவலைக் கிண்டில் அன்லிமிடெட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். பிறகு குடும்ப நாவல் பதிப்பகம் ஒன்றில் அச்சு. உரிமைகளைப் பிரித்து விற்கும் கலையை ஒப்பந்த வக்கீல் யாரும் இல்லாமலே இவர்கள் நடைமுறைப்படுத்திவிட்டார்கள். காதல், குடும்பம், திகில் எழுதுபவருக்கு இந்த வரிசையே முதல் பரிந்துரை. கால வரிசை குலைந்து, ஒரு காட்சிக்கு நாற்பது பக்கம் எடுக்கும் நாவலை இங்கே துண்டு போட்டால் மூன்றாவது யூடியில் ஆள் இருக்காது.

சுட்டியை எடுத்தபின் கூகுளில் ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிப் பார்க்க வேண்டும். யாராவது நகலெடுத்துப் போட்டிருந்தால் செலக்ட் விதி மீறலாக உங்களுக்குத்தான் மின்னஞ்சல் வரும், நகலெடுத்தவருக்கு வராது.

இலக்கிய நாவலுக்கு எங்கள் வரிசை இது. முதலில் பட்டியல் பொருந்தும் பதிப்பகம், ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் மூன்று மாதக் கெடு. அச்சுரிமை மட்டும், ஐந்து ஆண்டுக்கு. மின்னூலை அச்சு வெளியாகி ஆறு மாதம் கழித்துச் சொந்தக் கேடிபி கணக்கில் போடலாம். புத்தகக் காட்சி விற்பனையைக் கெடுக்காது என்பதால் பதிப்பாளரும் பெரும்பாலும் ஒப்புவார். நான்கு பதிப்பகம் மறுத்தால் பிஓடி. சொந்தமாக அச்சிட்டால் 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் சென்னை கன்னிமாராவுக்கும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் மும்பை, டெல்லியில் உள்ள மற்ற இரண்டு நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி தன் செலவில் அனுப்ப வேண்டியது வெளியிட்டவர் பொறுப்பு. பேக்கேஜ்காரர்கள் இதைச் சொல்வதே இல்லை.